சிந்தினால் தேத்தண்ணி இல்லை

பதினெட்டு வயது வரப்போகிறது என்றால் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சந்தோஷம். எங்கள் சிறுவர் இல்லத்துப் பிள்ளைகளுக்குப் பயம். பதினெட்டு முடிந்தால் நம்முடைய கட்டில் வேறொரு பிள்ளைக்குப் போய்விடும். சண்டை முடிந்த வருஷம் வன்னி அகதி முகாமிலிருந்து என்னைப் புத்தளத்துக்குக் கொண்டுவந்து இல்லத்தில் விட்டபோது எனக்குப் பல் விழுகிற வயது. அன்றிலிருந்து அந்த மதிலுக்கு வெளியே நான் தனியாகப் போய், பேக்கரியில் ஒரு இறாத்தல் பாண் வாங்கியதில்லை. பள்ளிக்கூடத்துக்கு வரிசையில் போவோம், வரிசையில் வருவோம். இப்படி வளர்த்துவிட்டு, திடீரென்று ஒரு நாள் "இனி நீ பெரிய பிள்ளை, வெளியில போய் இரு" என்றால் எங்கே போய் இருப்பது? இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இல்லத்தை நடத்தியவரைப் பெரியம்மா என்று கூப்பிடுவோம். கெட்ட மனுசி என்று சொல்லமாட்டேன். ஆனால் என்னைப் பற்றி யோசிக்க அவருக்கு நேரமில்லை.

"உனக்குச் சொந்தக்காரர் எண்டு ஒருத்தரும் வரேல்ல. கண்டக்குழியில ஒருத்தர் பொம்பிளை கேட்டு வந்திருக்கிறார். மனுசி செத்துப்போச்சு, ரெண்டு பிள்ளையள். சொந்தமா போட் இருக்கு. உனக்கும் ஒரு வீடாப் போகும்" என்றார்.

அந்த மனுசன் ஒரு நாள் வந்து அலுவலக அறைக் கதிரையில் இருந்தார். நான் தேத்தண்ணி கொண்டுபோனேன். என் முகத்தை அவர் பார்க்கவேயில்லை. கையையும் தோளையும்தான் பார்த்தார், சந்தையில் மாடு பார்க்கிற மாதிரி. பிறகு பெரியம்மாவிடம், "வேலை செய்வாளோ?" என்று கேட்டார். நான் தட்டத்தை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

நல்ல காலத்துக்கு எனக்கு முந்தலில் ஒரு தையல் கடையில் வேலை கிடைத்திருந்தது. நன்னடத்தை அலுவலகத்திலிருந்து எங்களைப் பார்க்க வருகிற மிஸ், "குடும்பமா இருக்கிற வீட்டில ஒரு அறை கிடைச்சா இவளைத் தனிய விடலாம்" என்று பெரியம்மாவோடு கதைத்தார். பெரியம்மா மாத முடிவு வரைக்கும் தவணை கொடுத்தார். அதற்குள் அறை கிடைக்காவிட்டால் கண்டக்குழி.

மிஸ்ஸும் நானும் வீடு வீடாக ஏறி இறங்கினோம். எல்லா இடத்திலும் என் தாய் தகப்பனைப் பற்றிய ஒரே கேள்விதான். "ஆற்ற பிள்ளை?" இல்லத்துப் பிள்ளை என்றதும், அதுவரை காலியாக இருந்த அறைக்கு அந்த நிமிடமே ஆள் வந்துவிடும்! தில்லையடியில் ஒரு முஸ்லிம் வீட்டு உம்மா மட்டும் எங்களை இருத்தி, குடிக்கத் தந்து, உண்மையைச் சொன்னார். "கோவிச்சுக்காதீங்க மகள். எங்கட மகன் கட்டாரால வாறார். வயசுப் புள்ள இருக்கிற ஊட்டுல ஒங்கள வெச்சா ஊர் கதைக்கும்." இன்னொரு வீட்டில், வீட்டுக்காரன் தானே வந்து, அறையைக் காட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். மிஸ் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

கடைசியில் உடப்பில் ஒரு வீடு. புருஷன் கடலுக்குப் போகிறவர். மகள் கலியாணம் முடித்து நீர்கொழும்புக்குப் போன பிறகு, வீட்டோடு ஒட்டிய அறை சும்மா கிடந்தது. வீட்டுக்கார அக்கா வலைத்துண்டொன்றை மடியில் போட்டுக்கொண்டு, "மீன் சாப்பிடுவியோ?" என்றுதான் முதலில் கேட்டார். ஆற்ற பிள்ளை என்று கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்தது.

ஆனால் பக்கத்து வளவில் அவருடைய மச்சாள், அதாவது புருஷனின் தமக்கை, இருந்தார். அந்த வீட்டில் அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை. வேலியோரம் வந்து நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆர் எவரெண்டு தெரியாம உள்ள எடுக்கிறதோ? வெள்ளிக்கிழமை வந்து பால் காய்ச்சட்டும். கிழக்குப் பக்கமாப் பொங்கினா இருக்கட்டும். இல்லையெண்டா வந்த வழிய போகட்டும்."

வீட்டுக்கார அக்கா குனிந்து வலை முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது மிஸ் சிரித்தார். "பால்தானே, பொங்காம எங்க போகப்போகுது? விசரி மாதிரி நடுங்காத."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பால் விஷயத்தில் நான் கெட்டிக்காரி. இல்லத்தில் எங்களுக்கு அடுப்படி முறை வரும். முறைக்காரி பாலைப் பொங்கவிட்டால் அன்றைக்கு ஒருவருக்கும் பால் தேத்தண்ணி இல்லை. பொங்கவிட்டவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு நிற்கவேண்டும். மற்ற எல்லாரும் அவளைப் பார்த்துக்கொண்டே வெறுந்தேத்தண்ணி குடிப்பார்கள். சின்ன வயதில் ஒரு தரம் அப்படி நின்றிருக்கிறேன். பசியில் இருந்த அத்தனை கண்ணும் என் மேல். செத்துப்போனால் நல்லது என்றிருந்தது. அதற்குப் பிறகு என் முறையில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தியதில்லை. பால் எழும்பப்போகிற சத்தமே எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலையில் மிஸ்ஸோடு போனேன். இரவு முழுக்க நித்திரை இல்லை. அறை வாசலில் மூன்று கல் வைத்து, புது மண்பானை வைத்து, குத்துவிளக்கு ஏற்றியிருந்தார்கள். மச்சாள் குளித்து, விபூதி பூசி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் சுவர்ப் பக்கமாகப் போய், முதுகு சுவரில் படக் குந்தினேன். முதுகுக்குப் பின்னால் வெறும் வெளியாக இருந்தால் எங்களில் ஒருத்திக்கும் இருப்புக் கொள்ளாது.

பாலை ஊற்றினேன். தென்னம்பாளை பற்றி எரிந்தது. "பிள்ளையாரே, கிழக்கால பொங்கவை" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். கண்டக்குழி மனுசனின் பார்வை திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. மற்றவர்கள் கதைப்பது எதுவும் காதில் விழவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பால் எழும்பப்போகிறது.

என் கை என்னைக் கேட்கவில்லை. நுரை விளிம்புக்கு வந்ததுதான் தாமதம், இரண்டு கையாலும் பானையைப் பிடித்துத் தூக்கி மணலில் வைத்துவிட்டேன். பானை ஆடியதில் கொதிபால் கையில் ஊற்றியது. சுடுகிறது என்றுகூட உறைக்கவில்லை. எழும்பி, சுவரோடு சாய்ந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

நான் என்ன செய்துவிட்டேன் என்பது பிறகுதான் மண்டையில் ஏறியது. ஐயோ, போச்சு. எல்லாம் போச்சு.

"பாத்தியளோ!" என்றார் மச்சாள். "பொங்க வந்த பாலை இறக்கிப்போட்டாள்! இவளுக்கு இந்த வீடு இல்லையெண்டு இவளே காட்டிப்போட்டாள்."

மிஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வீட்டுக்கார அக்கா அவரைத் தாண்டி வந்து, முதுகுக்குப் பின்னாலிருந்த என் கையை இழுத்து எடுத்தார். தோல் சிவந்து, பாலாடை ஒட்டிக்கிடந்தது.

"ஏன் பிள்ளை இறக்கினனி?"

"சிந்தினா ஒருத்தருக்கும் பால் தேத்தண்ணி இல்லை, அக்கா."

அவருக்கு விளங்கவில்லை. மிஸ்ஸைப் பார்த்தார். "இல்லத்தில பாலைச் சிந்தினா இப்பிடித்தான் நிக்கவேணும்" என்றார் மிஸ், நிலத்தைப் பார்த்தபடி. அதற்குப் பிறகு விளங்கியிருக்கவேண்டும், என் கையை விடாமலே மச்சாளின் பக்கம் திரும்பினார்.

"மச்சாள், பால் பொங்கினதோ, இல்லையோ?"

"எங்க பொங்கினது? அதுதான் இறக்கிப்போட்டாளே!"

"பொங்கியிருக்கு. இந்தா, இவளின்ர கையில பொங்கியிருக்கு. இவள் குந்தியிருந்தது எந்தப் பக்கம்?"

மச்சாள் சூரியனைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

"கிழக்கு" என்றார், விருப்பமில்லாமல்.

"பிறகென்ன கதை?"

"உன்ர வாய்க்கு முன்னால ஆர் நிப்பினம்!" என்று சொல்லிவிட்டு மச்சாள் தன் வளவுக்குப் போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒரு கற்றாழை மடலை முறித்துக்கொண்டு வந்து, என் கையை வெடுக்கென்று பிடித்து, வலிக்க வலிக்கப் பூசினார். "அழாத. ஆக்களைப் பயப்பிடுத்திப்போட்டு இப்ப அழுகிறாய்" என்றார்.

வீட்டுக்கார அக்கா பானையைத் திரும்ப அடுப்பில் வைத்தார். என் பக்கத்தில் வந்து குந்தி, மணிக்கட்டு இரண்டையும் இறுக்கிப் பிடித்தார்.

"இப்ப விடு" என்றார்.

அந்தச் சத்தம் வந்தது. என் கை துடித்தது. அவர் விடவில்லை. பால் எழும்பி, விளிம்பைத் தாண்டி, பானையின் நாலு பக்கமும் வழிந்து நெருப்பில் விழுந்து சீறியது. நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். இனி யாராவது கத்தப்போகிறார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் கத்தவில்லை. தீய்ந்த பாலின் மணம்தான் வந்தது.

"எழும்பு பிள்ளை. எல்லாருக்கும் தேத்தண்ணி போடு. உன்ர வீட்டுக்கு வந்த ஆக்கள்."

போட்டேன். அக்காவுக்கு, மச்சாளுக்கு, மிஸ்ஸுக்கு. கடைசியில் எனக்கும் ஒரு கோப்பை. பிறகு பானைக்குள் எட்டிப் பார்த்தேன். அவ்வளவு சிந்திய பிறகும் அதில் பால் மிச்சம் இருந்தது.