நீர்த்தேக்கத்தின் மூச்சைக் குப்பியில் அடைப்பவள்

தண்ணீர்மேல் ஒரு வாளியைக் கவிழ்த்து மிதக்கவிட்டு, அதற்குள் சேரும் காற்றை ஊசியால் உறிஞ்சி, சின்னக் குப்பிகளில் அடைத்துக்கொண்டு வருவதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று சொன்னால், என் மாமியாரே நம்பவில்லை. கல்யாண வீட்டில் “என்ன வேலை செய்றீங்க?” என்ற கேள்விக்கு முழித்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் என் கட்சிதான்.

இலங்கையில் மாத்தளை டவுனை ஒட்டிய ஒரு நீர்த்தேக்கம் எனக்கு விதிக்கப்பட்டது. டவுன் கான்களில், அதாவது சாக்கடை வாய்க்கால்களில் வரும் சோப்புத் தண்ணீர், மலக்குழிக் கசிவு, மேட்டு மரக்கறித் தோட்டங்களின் பசளை உரம் எல்லாம் அதில்தான் விழும். சத்து கூடிப்போனால் தண்ணீர் பச்சையாகும். அந்தப் பாசி செத்து அடியில் அழுகினால் மீதேன் வாயு குமிழ்விடும். அது மேலே போய் உலகத்தைச் சூடாக்குகிறது. எவ்வளவு வருகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை.

ஐஸ் இருக்கிறது சேர்

ஒரு நாள் த்ரீவீலில் திரும்பும்போது சோதனைச் சாவடியில் மறித்தார்கள். பையில் என்ன என்று பொலிஸ்காரர் சிங்களத்தில் கேட்டார். வெயிலில் களைத்திருந்த நான் உள்ளதை உள்ளபடி சொன்னேன்: “ஊசி, குப்பி, ஐஸ்.” த்ரீவீல் டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பொலிஸ்காரரின் கை இடுப்புக்குப் போனது. ‘ஐஸ்’ என்றால் இந்தக் காலத்தில் போதைப்பொருள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஐஸ் வைத்திருந்த ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டியை ரோட்டிலேயே திறக்கச் சொன்னார். அடையாள அட்டையைக் காட்டினேன், ஆய்வுகூடக் கடிதத்தைக் காட்டினேன், ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில் அவரே ஒரு போத்தலை எடுத்து மூடியைத் திருகி மோந்து பார்த்தார். அது நீர்த்தேக்கத்தின் அடித்தண்ணீர், கூழ்முட்டை நாற்றம். இரண்டடி பின்னால் போய்த் துப்பினார். எங்கிருந்து எடுத்தது என்று கேட்டார். சொன்னேன். முகம் மாறிவிட்டது. “மிஸ், எங்க வீட்டுப் பைப்புக்குத் தண்ணி அங்கேருந்துதானே வருது? சுத்தம் பண்ணித்தானே விடுறாங்க? போங்க, சீக்கிரம் கொண்டுபோய்ப் பரிசோதிங்க!”

நீலச் சுடர்

எங்கள் படகுக்காரர் நியாஸ் நானா. வாயில் பீடி இல்லாமல் அவரைப் பார்த்ததே இல்லை. சேற்றிலிருந்து வரும் குமிழி எரியும் என்று சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். சரி, காட்டிவிடலாம் என்று, துடுப்பால் சேற்றைக் கிண்டி, கவிழ்த்த போத்தலில் குமிழிகளைப் பிடித்து, கரைக்கு வந்து போத்தல் வாயில் நெருப்புக் குச்சியை நீட்டினேன். ‘பொப்’ என்று நீலச் சுடர் எழுந்து, எட்டிப் பார்த்தவரின் மீசை நுனியைக் கருக்கிவிட்டது. நல்லவேளை, மீசையோடு போனது.

அன்றிலிருந்து அவர் படகில் பீடி பற்றவைக்கவில்லை. கொஞ்ச நாளில் வீட்டிலும் விட்டுவிட்டார். திறந்த வெளியில் அந்த வாயு கலைந்துவிடும், படகு வெடிக்காது என்று உண்மையைச் சொல்லாமலிருக்க எனக்கு மனச்சாட்சி உறுத்தியது. முதலில் அவர் மனைவி பரீதா ராத்தாவிடம் சொன்னேன் (அண்ணனை நானா என்பதுபோல அக்காவை அங்கே ராத்தா என்போம்). அவர் கதவைச் சாத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். “அல்லாஹ்வுக்காக தங்கச்சி, அத மட்டும் அவர்கிட்ட சொல்லிராதீங்க!”

ஊசி போட்டது யார்

இதை இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன், அன்று சிரிக்கவில்லை. ஒரு காலையில் நாங்கள் போனபோது கரையெல்லாம் வெள்ளை வயிறு காட்டி மீன்கள் மிதந்தன. சனம் கூடியிருந்தது. வலை போட்டுப் பிழைக்கும் ஜெயராஜ் அண்ணன் என்னைக் கண்டதும் பாய்ந்து வந்தார். “நேத்து ஊசி கொண்டு வந்தது இவங்கதான்! தண்ணியில மருந்து ஏத்திட்டாங்க!” யாரோ என் பெட்டியை உதைத்தார்கள். நியாஸ் நானா குறுக்கே வந்து நின்றார். அவர் சட்டை கிழிந்தது.

தண்ணீரில் ஒட்சிசன் அளக்கும் மீற்றரை ஜெயராஜ் அண்ணன் கையில் கொடுத்தேன். “நான் ஏத்துறதில்லண்ணே, எடுக்கத்தான் செய்றேன். வாங்க, நீங்களே அளந்து பாருங்க.” படகில் ஏறினார். மீற்றரின் கம்பியை அவரே தண்ணீரில் இறக்கினார். மேல்தண்ணீரிலேயே எண் குறைவு. இறக்க இறக்க இன்னும் விழுந்து, பூச்சியம். மீற்றர் பொய் சொல்கிறது என்றார். வெளியே தூக்கச் சொன்னேன். காற்றில் எண் விறுவிறுவென்று ஏறியது. மறுபடி இறக்கினார், மறுபடி பூச்சியம். முந்தின நாள் அடித்த மழைக்காற்று, பாசி அழுகி மூச்சே இல்லாமல் போன அடித்தண்ணீரை மேலே புரட்டிவிட்டிருக்கிறது, அதில்தான் மீன்கள் திணறிச் செத்தன என்று சொன்னேன். பாசி எதைத் தின்று வளர்ந்தது என்று கேட்டார். கரையோரம் விழும் கான்களைக் காட்டினேன். கரை வரும்வரை அவர் அந்தக் கான்களை எண்ணிக்கொண்டே வந்தார். இறங்கியதும் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: “யாரும் மருந்து போடல. மூணாவது கான் என் வீட்டுக் கான். இந்தப் புள்ளைய விடுங்க.”

நல்ல சேதியின் குற்றம்

அதற்குப் பிறகு கரையோர வீடுகள் சில, சமையலறைக் கழிவுத் தண்ணீர் கானுக்குப் போகாமல் மண்ணில் ஊறக் குழி வெட்டின. முதல் குழி ஜெயராஜ் அண்ணனுடையது. கான் வாயில், சத்தை உறிஞ்சிக்கொள்ள நாணல் நட்டார்கள். அடுத்த வருடம் என் குப்பிகளில் மீதேன் குறைவாக வந்தது. குப்பிகளைப் பரிசோதிக்கும் ஆய்வுகூட மேடம் நம்பவில்லை. மூடி கசிந்திருக்கும், திரும்ப எடு என்றார். திரும்ப எடுத்தேன், அப்போதும் குறைவு. என் ஒப்பந்தம் முடிகிற மாதம் அது. வேலை போச்சு என்றே நினைத்தேன்.

மூன்றாம் முறை மேடமே படகில் வந்தார். குப்பிகளைத் தன் கையாலேயே அடைத்து எடுத்துப்போனார். இரண்டு நாள் கழித்து ஆய்வுகூடத்துக்கு வரச் சொன்னார். அதே குறைந்த எண்தான். நான் தலையைக் குனிந்துகொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். மேடம் பால் போடாத ஒரு பிளேன்ரீயை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னார்: “தண்ணி நல்லாயிட்டுன்னு சொல்ல வர்றப்ப, களவு செஞ்சவ மாதிரி முகத்த வச்சுக்கிட்டு வராதம்மா.”

தண்ணீர் கெட்டிருக்கும் வரைதான் எங்களுக்கு வேலை என்று தெரிந்தும், அந்த வேலை சீக்கிரம் போகட்டும் என்று வேண்டிக்கொண்டே மாதாமாதம் படகு ஏறுகிற உத்தியோகம் இது.