மேரிராணியின் கைரேகை

தூத்துக்குடியில் இருந்தவரை மேரிராணிக்குத் தோல் வறண்டு பழக்கமில்லை. கடல் காற்றின் பிசுபிசுப்பைத்தான் அலுத்துக்கொள்வாள். ஜெபராஜைக் கல்யாணம் செய்துகொண்டு ஓசூர் மூக்கண்டப்பள்ளிக்கு வந்த பிறகுதான் மார்கழிக் குளிர் என்றால் என்னவென்று தெரிந்தது.

ஒரு கம்பெனியில் அவளுக்குக் கிடைத்த வேலை, லேத் மெஷினில் கடைந்து வரும் சிறு இரும்புப் பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவித் துடைப்பது. வேலை முடிந்ததும் பிசுக்குப் போகத் துணி துவைக்கும் சோப்புப் பவுடரைப் போட்டுக் கையைத் தேய்ப்பாள். வீட்டுக்கு வந்து, குளிருக்கு இதமாக, ஆவி பறக்கும் வெந்நீரில் குளிப்பாள். 2007 கடைசியில் புறங்கை சாம்பல் பூத்து, விரல் நுனிகள் வெடித்தன. குழந்தை ஃபெபாவின் கன்னத்தைத் தடவினால் அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஸ்வெட்டர் மாட்டிவிடும்போது கம்பளி நூல் விரலில் சிக்கி இழுத்தது.

சர்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொது விருந்துக்கு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். பக்கத்திலிருந்த பெண் அவள் கையைப் பார்த்துவிட்டு, "நீங்க இலை போடுங்க சிஸ்டர், இத நாங்க பாத்துக்கறோம்" என்று தட்டை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஒட்டுகிற படை என்று நினைத்துவிட்டாள் போல. மேரிராணி எழுந்து இலை போடப் போனாள். அன்றிலிருந்து கையை இன்னும் அதிகமாகச் சோப்புப் போட்டுக் கழுவினாள். வெடிப்பு ஆழமாகி ரத்தம் கசிந்தது.

புது வருஷத்தில் கம்பெனி வாசலில் வருகைப் பதிவுக்குக் கைரேகை மெஷின் வைத்தார்கள். எல்லாருக்கும் பச்சை விளக்கு எரிந்தது. அவளுக்கு மட்டும் சிவப்பு. விரலை ஊதினாள், சேலையில் துடைத்தாள், வேறு விரலை வைத்தாள். பின்னால் வரிசை முணுமுணுத்தது. அவமானத்தில் கண் கலங்கிவிட்டது.

சூப்பர்வைசர் திம்மப்பன் உள்ளூர்க்காரர். விரலைப் பார்த்ததும் அவருக்குச் சுருக்கென்றது.

"ஏம்மா, ரேகையே காணோமே! இப்பிடியா வச்சினு இருப்ப? மொதல்ல டாக்டர்கிட்ட போ. இங்க நான் சொல்லிக்கறேன்."

டிஸ்பென்சரியில் இருந்த பெண் மருத்துவர் தயங்காமல் அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அதிலேயே மேரிராணிக்குப் பாதி பாரம் இறங்கியது.

"இது ஒட்டுமா டாக்டர்?"

"ஒட்டாதும்மா. தோலுக்குன்னு ஒரு எண்ணெய் இருக்கு. அதை மண்ணெண்ணெய், சோப்புப் பவுடர், கொதிக்கிற தண்ணி எல்லாம் சேர்ந்து எடுத்துடுது. இந்த ஊர்ப் பனிக்காத்து மிச்சத்தையும் உறிஞ்சிடுது. நீங்க கழுவக் கழுவ மோசமாகும்."

வெதுவெதுப்பான நீரில் சீக்கிரம் குளிக்க வேண்டும். மென்மையான சோப்பு போதும். துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் காயும் முன்னே வாஸலினோ தேங்காய் எண்ணெயோ பூச வேண்டும் என்றார். வேலையில் ரப்பர் கையுறை, அதற்குள் பருத்திக் கையுறை. வெடிப்புக்கு ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். "சீழ் வச்சா உடனே வரணும்."

திம்மப்பன் கம்பெனி ஸ்டோரில் சண்டை போட்டுக் கையுறை வாங்கி வந்தார், கழுவும் பகுதியில் இருந்த எல்லாருக்குமே. மேரிராணி படுக்கும் முன் வாஸலின் பூசி, பழைய காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டாள்.

"என்னட்டி, கையும் காலும் மாறிப்போச்சா?" என்று ஜெபராஜ் சிரித்தான்.

"சிரிங்க, சிரிங்க. எரிச்சல் அடங்கிட்டுல்லா."

கொஞ்சம் கொஞ்சமாக வெடிப்புகள் மூடின. மாசி பிறந்தபோது மெஷின் ஒரே தடவையில் பச்சை காட்டியது. வரிசையில் யாரோ கைதட்டினார்கள். அவளுக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. ஃபெபா இப்போது அவள் கையைப் பிடித்துத் தன் கன்னத்திலேயே வைத்துக்கொண்டது.

ஒரு விடுமுறை நாள். மொட்டை மாடி வெயிலில் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஜெபராஜ் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வெடித்த குதிகாலை நீட்டினான்.

"வலிக்கா?"

"ரெண்டு வருஷமா வலிக்கு."

"பொறவு ஏன் சொல்லல?"

"ஆம்பளைக்கு இதெல்லாமான்னு இருந்துட்டேன்."

"போய்க் கால நனைச்சுட்டு வாங்க" என்றாள். அவன் சமர்த்தாக எழுந்து குழாயடிக்குப் போனான்.