பெரிய டிரம்காரரும் என் வலது தோளும்

எனக்குச் சட்டென்று கோபம் வரும். இந்த வயதிலும் வருகிறது. திண்டுக்கல்லில் பேண்டு செட்டில் கிளாரினெட் ஊதிக்கொண்டிருந்த காலத்தில், பாதி ஊர்வலத்தில் வாத்தியத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடையைக் கட்டியவன் நான். சிவப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு மாப்பிள்ளைக்கு முன்னால் சினிமாப் பாட்டை அச்சுப் பிசகாமல் ஊத வேண்டும், அதுதான் வேலை. ஒரு சுரம் கூடிவிட்டால் போதும், மாஸ்டர் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். பகலில் புகையிலைக் கிட்டங்கியில் சம்பளம், முகூர்த்த நாளில் பேண்டு. இரண்டிலும் நான் உருப்படவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என்னைக் கெடுத்தது ஒரு ரெக்கார்டு. அறுபதுகளின் பின்பாதி அது. பேகம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் ஷாப் வைத்திருந்த குடும்பத்தில், முதலாளியின் தம்பி அடிக்கடி மெட்ராஸ் போய்வருவார். அங்கே தோல் வாங்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது ரெக்கார்டு பிளேயரையும் ஒரு பெட்டி ரெக்கார்டுகளையும் இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். வீட்டில் யாருக்கும் அந்தச் சத்தம் ஆகவில்லை. ஊதுகிறவன் ஆயிற்றே என்று என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

ஜாஸ் என்றார். அதிலும் புது மாதிரி ஜாஸ் என்றார். சாக்ஸபோன் வாசிப்பவன் ஒரு மெட்டைத் தொட்டான், தொட்ட சூட்டோடு அதை விட்டு ஓடினான். கத்தினான், இழுத்தான், மூச்சு முட்டி நின்றான், மறுபடியும் கத்தினான். எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை. அம்மா செத்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அவள் கிடந்த அன்று நான் அழவில்லை. வந்தவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டு அலைந்தேன். அன்று நான் அழாததை எவனோ ஒருவன், என்னைத் தெரியாதவன், கடலுக்கு அந்தப்புறம் நின்று அழுது வைத்திருக்கிறான் என்று பட்டது. மறுநாளும் போய்க் கேட்டேன். அதற்கு மறுநாளும் போனேன்.

அப்புறம் என் கை சும்மா இருக்குமா? பாட்டின் நடுவே அந்தக் கத்தல் தானாக வர ஆரம்பித்தது. பூனை வாலை மிதித்துவிட்டாயா என்று டிரம்பெட் ஊதுகிறவன் கேட்டான். பொண்ணு வீட்டில் ஒருவர் வந்து, வாத்தியம் ரிப்பேர் என்றால் வேறு கொண்டுவரக் கூடாதா என்று மாஸ்டரிடமே கேட்டுவிட்டார். இன்னொரு தடவை இப்படி ஊதினால் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விடு என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு என்னோடு உட்கார்ந்து சாதகம் பண்ண யாரும் வரவில்லை.

வந்தவர் ஒரே ஒருவர். எங்கள் செட்டில் பெரிய டிரம் அடித்த பாய். பகலில் பூட்டுப் பட்டறையில் இரும்புத் தகடு அடிப்பார், நாற்பது வயதிருக்கும். அவரையும் யாருக்கும் பிடிக்காது. காரணம், அடி. டிரம் கோலின் தலையில் சுற்றியிருக்கும் துணியைப் பாதிக்கு மேல் பிய்த்து எறிந்துவிட்டு வெறும் கட்டையால் அடிப்பதுபோல அடிப்பார். பக்கத்தில் நிற்பவனுக்குக் குடல் நடுங்கும். மெதுவா, மெதுவா என்று மாஸ்டர் கையை அமர்த்திக் காட்டிக்கொண்டே இருப்பார். செத்த நேரம் அடங்கும், மறுபடி ஏறிவிடும். ஊதத் தெரியாதவன் என்று என்னையும், இடிக்கத்தான் தெரியும் என்று அவரையும் ஒதுக்கினார்கள். ஒதுக்கின இடத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தோல் ஷாப்புக்குப் பின்னால் போவோம். ஊறல் தொட்டிகளின் நாற்றத்துக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் எட்டிப் பார்க்க மாட்டான். நான் மனம் போனபடி ஊதுவேன். அவர் எனக்கு நேர் எதிரே டிரம்மைக் கட்டிக்கொண்டு நின்று, என்னையே பார்த்தபடி அடிப்பார். நான் தாவும் இடத்தில் அவரும் தாவுவார், நான் திணறும் இடத்தில் ஒற்றை அடி கொடுத்துத் தூக்கிவிடுவார். முடிந்ததும் தலையை ஆட்டி, "அம்புட்டும் அருமை அப்பு" என்பார். என் ஆயுளில் என் வாசிப்பை ஒருவர் அருமை என்று சொன்னது அதுதான்.

அந்தச் சமயம் வெள்ளைக்காரரிடமிருந்து தோல் ஷாப்புக்கு ஒரு பார்சல் வந்தது. உள்ளே வேறு மாதிரி ரெக்கார்டு. மின்சாரக் கிட்டாரும் டிரம்மும் சேர்ந்து வீட்டுக் கூரையைப் பிரிக்கிற சத்தம். ராக் என்று சொன்னார் முதலாளியின் தம்பி. கூடவே வந்த பத்திரிகையைப் பிரித்து எனக்குத் தமிழில் சொன்னார். ஜாஸ்காரர்கள் இந்த ராக் பையன்களை வாசலிலேயே சேர்க்க மாட்டார்களாம். பையன்களுக்கும் ஜாஸ் என்றால் பெரிசுகள் சமாச்சாரமாம். ஆனால் இந்தக் கிட்டார்க்காரன் ராப்பகலாக உட்கார்ந்து கேட்பது யாரை என்றால், நான் கேட்டேனே, அந்தக் கத்தல் சாக்ஸபோன்காரனை. அவன் கத்துவதைக் கிட்டாரில் கொண்டுவரத்தான் இம்புட்டுச் சத்தமும். ஒருவன் மெட்டை உடைத்தவன், இன்னொருவன் காதை உடைத்தவன், இரண்டு பேருக்கும் நடுவே உள்ளுக்குள் ஒரு வழி இருந்திருக்கிறது.

எனக்கு அன்று தலைகால் புரியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் கிறுக்கர்கள் இல்லை, எங்களைப் போல உலகத்தில் வேறு இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று பாயிடம் சொல்வதற்காகப் பட்டறைக்கே ஓடினேன். சொல்லச் சொல்ல அவர் என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார். சிரித்தார். ரெக்கார்டைக் கேட்க வாருங்கள் என்று கூப்பிட்டபோது மட்டும் இன்னொரு நாள் பார்க்கலாம் என்று மழுப்பினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உச்சத்தில் ஊதிக்கொண்டிருக்கும்போது கிளாரினெட்டின் வாய்முனையில் வைக்கிற நாணல் சீவல், ரீடு, பிளந்துவிட்டது. சத்தம் நின்றுபோய் வெறும் காற்றுதான் போகிறது. ஊதிய வேகத்தில் விரலும் உடம்பும் நிற்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தேன். பாய் ஒரு மாற்றமும் இல்லாமல் அடித்துக்கொண்டிருந்தார். நான் வாத்தியத்தை இறக்கியதும் அவரும் நிறுத்தினார். "கடைசியில ஒண்ணு ஊதுனியே, அது மாதிரி நீ ஊதுனதே இல்லப்பா" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேலி பண்ணுகிறார் என்று நினைத்து வாய்க்கு வந்ததைப் பேசினேன். பிளந்த ரீடை எடுத்து அவர் கண்ணுக்கு முன்னால் நீட்டினேன். அதைப் பார்த்ததும் அவர் முகம் செத்துப்போனது. டிரம்மைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டுத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். நாலைந்து வருடமாகக் காது மங்கிக்கொண்டே வந்து, அந்த வருடம் சுத்தமாகப் போய்விட்டதாம். பட்டறையில் இரும்பு அடித்து அடித்து வந்த வினை. வாயசைவைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வாராம், முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினால் ஒன்றுமே தெரியாதாம்.

ஆக, என்னை ரசித்த ஒரே மனுசனுக்கும் காது கேட்காது. வாத்தியத்தைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு வாரம் அவர் முகத்தில் விழிக்கவில்லை. அவருக்கு என்ன ஆனது என்று நினைக்காமல் எனக்கு என்ன ஆனது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். என் குணமே அதுதான்.

மூன்றாவது வாரம் அவரே வீடு தேடி வந்தார். மாஸ்டருக்குத் தெரிந்தால் அன்றைக்கே செட்டை விட்டு நிறுத்திவிடுவார் என்றார். அது மட்டும் வேண்டாம் என்றார்.

"அடிக்கிற அடி நெஞ்சுல வந்து விழுதுல்ல, அது ஒண்ணுதான் அப்பு எனக்கு இப்பக் கேக்குற சத்தம். அதையும் புடுங்கிட்டா நான் என்ன செய்வேன்?"

பாட்டு முடியும் இடம் அவருக்கு அடிக் கணக்கு. பள்ளிவாசலுக்கு முன்னால் நிறுத்துவதும் எந்த இடம் என்று தெரியும். துட்டி வீடு வந்தால்தான் வழியில்லை. ஊர்வலம் போகும் தெருவில் எந்த வீட்டிலாவது பிணம் கிடந்தால் மாஸ்டர் கையைத் தூக்குவார், அத்தனை வாத்தியமும் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும், அந்த வீட்டைத் தாண்டும்வரை காலடிச் சத்தம்தான். அது எங்கே வரும் என்று யாருக்குத் தெரியும்? நெஞ்சுக்கு முன்னால் அவ்வளவு பெரிய டிரம்மைக் கட்டியவருக்கு மாஸ்டர் கை தெரியாது. முன்னால் நடக்கிற என் முதுகுதான் தெரியும். அதனால் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். நிறுத்தும்போது வலது தோளைத் தூக்கு, போதும் என்றார். சரி என்றேன்.

ஒரு வருடத்துக்கு மேல் தூக்கினேன். ஒரு தடவைகூடத் தவறவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாசிப்பும் மறுபடி தொடங்கியது. காது கேட்காதவருக்கு வாசிப்பதில் என்ன இருக்கிறது என்று முதலில் நினைத்தேன். பிறகு அது பழகிவிட்டது. வேறு யாரிடம் போவேன்?

பிறகு அந்தக் கல்யாணம் வந்தது. தோல் ஷாப் குடும்பத்துக் கல்யாணம். சாயங்காலம் நாலு மணிக்கு மாப்பிள்ளை காரில் உட்கார்ந்திருக்க, பழனி ரோட்டில் ஊர்வலம். முதலாளியின் தம்பி மாஸ்டரிடம் தனியாகச் சொல்லியிருந்தார், பாட்டு ஒன்று முடிந்ததும் ஐந்து நிமிடம் இவன் இஷ்டத்துக்கு ஊதட்டும் என்று. மாஸ்டர் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார். நடுத்தெருவில், ஊர் பார்க்க, எனக்கு என்று ஐந்து நிமிடம்.

கண்ணை மூடிக்கொண்டு ஊதினேன். பின்னால் பாயின் அடி என் முதுகைத் தள்ளிக்கொண்டே வந்தது. அம்மாவை நினைத்து ஊதினேன். ஒரு கட்டத்தில், துணைக்கு வாசித்துக்கொண்டிருந்த மற்ற வாத்தியங்கள் ஓய்வது காதில் விழுந்தது. பழக்கதோஷத்தில் நானும் நிறுத்தினேன். ஆனால் கண்ணைத் திறக்கவில்லை. ஊதியது எனக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. யாராவது நன்றாயிருந்தது என்று சொல்வார்களா என்று காத்துக்கொண்டு நின்றேன். பின்னால் டிரம் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. நான் நிறுத்திய பிறகும் எனக்காக அடிக்கிறார் என்று, இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, சந்தோஷப்பட்டேன்.

கண்ணைத் திறந்தபோது எதிரே ஒரு வீட்டு வாசலில் பெஞ்சு போட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே பெண்கள் அழுகிற சத்தம். பிரசவத்தில் போன பெண் என்று பிற்பாடு தெரிந்தது. புருசன்காரன், என் வயதுதான் இருக்கும், வெறும் மேலோடு இறங்கி வந்தான். சண்டைக்கு வரவில்லை. பாய்க்கு முன்னால் போய் நின்று, நிறுத்துங்கள் என்பதுபோல, வாய் திறக்காமல் இரண்டு கையையும் கூப்பினான். பாய் அவன் கையைப் பார்த்தார். தன் வாசிப்புக்கு வணக்கம் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டார். சிரித்துத் தலையைத் தாழ்த்தி, கோலை ஓங்கி இன்னும் பலமாக அடித்தார்.

அதற்குப் பிறகுதான் என் தோள் மேலே போனது. அதற்குள் மாஸ்டர் பாய்ந்து கோலைப் பிடுங்கிவிட்டார்.

அந்த வீட்டு ஆட்கள் எங்களை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடிக்கவில்லை. மண்டபம் வரை வாத்தியம் இல்லாமல் நடந்தோம். மண்டபத்துக்குப் பின்னால் எல்லோரையும் நிறுத்தி வைத்து மாஸ்டர் பாயை முகம் பார்த்து விசாரித்தார். பின்னால் போய் நின்று கையைத் தட்டிப் பார்த்தார். பாய் திரும்பவில்லை. சாயம் வெளுத்துவிட்டது. மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். கூடவே திரிகிறவன் நீ, உனக்குத் தெரியுமா என்று கேட்டார்.

தெரியும் என்று சொல்லியிருந்தால் என் கோட்டையும் கழற்றியிருப்பார்.

"எனக்கு எப்படித் தெரியும் மாஸ்டர்? இப்பத்தான் எனக்கும் தெரியும்" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் எதிரே பார்த்தேன். பாய் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கழுத்து வாரைக் கழற்றி, டிரம்மைச் சுவரோரம் அலுங்காமல் வைத்துவிட்டு, கோட்டை மடித்து அதன் மேல் போட்டுவிட்டுப் போனார்.

நான் செட்டிலேயே இருந்தேன். அதற்குப் பிறகு சினிமாப் பாட்டை ஒரு சுரம் பிசகாமல் ஊதினேன். தோல் ஷாப்புக்கு ரெக்கார்டு கேட்கப் போகவில்லை. அந்தக் கிட்டார்க்காரன் எந்த நாளிலாவது சாக்ஸபோன்காரனை நேரில் பார்த்தானா என்று மட்டும் ஒரு தடவை வழியில் முதலாளியின் தம்பியைக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

மூன்று மாதம் கழித்துப் பட்டறைக்குப் போனேன். பாய் தகடு அடித்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் நுழைந்ததைப் பார்த்தார், உடனே குனிந்துகொண்டார். கிட்டே போய் நின்று, தோளைத் தூக்காதது என் தப்பு, தெரியாது என்று சொன்னது அதைவிடப் பெரிய தப்பு என்றேன். அவர் நிமிரவில்லை. என் வாயைப் பார்க்காதவரை நான் ஒன்றும் சொன்னதாக ஆகாது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து என் முகத்தை அவர் முகத்துக்கு நேரே கொண்டுபோனேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணை மூடியபடியே அடித்தார், ஓர் அடியும் தகடு தப்பவில்லை.

மறுபடியும் முதலிலிருந்து, உரக்க, எல்லாவற்றையும் சொன்னேன். பட்டறையில் இருந்த மற்ற நாலு பேரும் சுத்தியலை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அவர் மட்டும் அடித்துக்கொண்டிருந்தார்.