பூஜை அலமாரியில் ஓர் ஏழு

மறைந்த என் மாமியாரை நினைக்கும்போதெல்லாம், முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் எரிந்துகொண்டிருந்த ஓர் ஏழுதான் முதலில் கண்ணில் வருகிறது. ஒருபுறம் காமாட்சி விளக்கு, மறுபுறம் கண்ணாடிக் குழலுக்குள் ஏழு. வீட்டுக்கு வந்தவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நாங்களும் திருத்தவில்லை.

மாமனார் தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைப் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். கழித்துப்போட்ட பழைய கருவி ஒன்றிலிருந்து நான்கு எண் குழல்களை எடுத்து, எங்கள் சேலையூர் வீட்டுக் கூடத்துக்கு ஒரு கடிகாரம் செய்து வைத்திருந்தார். கட்டைவிரல் பருமனுள்ள குழல். அதற்குள் மெல்லிய கம்பியில் வளைத்த பத்து எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். எந்த எண் வேண்டுமோ அதைச் சுற்றி மட்டும் ஒளி பூக்கும். ஆனால் வயதாக ஆக, அதிகம் எரியாத எண்ணின் மேல் மற்றக் கம்பிகளிலிருந்து உதிரும் துகள் படிந்து, படிந்த இடம் இருண்டுபோகும். அப்படித்தான் மணி காட்டும் குழலில் ஏழின் தலைக்கோடு மறைந்தது. காலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டில் மணி ஒன்று.

மாற்றுக் குழலுக்காக மாமா பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு அலைந்தார். "இதெல்லாம் இப்ப எங்க சார் வருது? இருக்கறத பத்திரமா வெச்சிக்கினு இரு" என்று அனுப்பிவிட்டார் கடைக்காரர். மிச்சமிருந்தது ஒரே வைத்தியம். கொஞ்சம் கூடுதல் மின்சாரம் கொடுத்து, ஏழை மட்டும் சில நாட்கள் விடாமல் எரியவிட வேண்டும். அதுவரை கடிகாரம் ஓடாது.

அங்கேதான் வந்தது வினை. என் நாத்தனார் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள், ஒன்பதாம் மாதம்.

"நின்னுபோன கடிகாரம் வீட்ல இருக்கவே கூடாதுங்க. அதுவும் இப்போ" என்றார் அத்தை.

"இப்ப விட்டா அந்த ஏழு திரும்ப வராது" என்றார் மாமா.

இருவரும் பேசிக்கொள்ளவில்லை. காபியோடு சேர்த்துச் செய்தியையும் நான்தான் சுமந்தேன். அத்தை ஒன்றும் பிடிவாதக்காரி அல்ல. மகளுக்கு ரத்த அழுத்தம் ஏறியிருந்தது, பயந்துபோயிருந்தார். மாமாவுக்கு அது புரியாமல் இல்லை. ஏழு மணியானால் மட்டும் கடிகாரத்தைப் பார்க்காமல் எழுந்து போய்விடுவார்.

ஒருநாள் டாக்டரிடம் போய்த் திரும்பிய அத்தை, செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார்: "ஏங்க, ஏழு மட்டும்தானே தனியா எரியணும்? அப்ப அது கடிகாரம் இல்லையே. விளக்குதானே?"

மாமா உடனே குழலைக் கழற்றி ஒரு சின்னப் பலகையில் பொருத்தினார். அத்தை அதை அலமாரியில் ஏற்றி, பலகைக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். மிச்சக் கடிகாரம் துணி சுற்றிப் பரணுக்குப் போனது. விளக்கென்று ஆனபின் அணையவிடலாமா? மின்வெட்டு நீண்டு இன்வர்ட்டர் சோர்ந்த ஒரு மதியம், கூடத்து ஃபேனை நிறுத்தச் சொல்லிவிட்டார் அத்தை. வியர்க்க வியர்க்க உட்கார்ந்து நாங்கள் ஏழைக் காப்பாற்றினோம்.

சுகப்பிரசவம், பெண் குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பார்த்தால் ஏழுக்குத் தலை முழுசாக வந்திருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடிகாரம் மறுபடி கூடத்தில் ஓட ஆரம்பித்தது.

சில மாதங்களில் அதே குழலில் எட்டு மங்கத் தொடங்கியது. மாமா மூச்சு விடவில்லை. வண்டி நம்பரைக் கூட்டினால்கூட எட்டு வரக் கூடாது என்று பார்க்கிற வீடு எங்களுடையது. அதைச் சாமிக்குப் பக்கத்தில் வை என்று எந்த வாயால் கேட்பார்?

அத்தைதான், பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு கடிகாரத்தின் முன்னால் வந்து நின்றார்.

"எட்டு இளைச்சுக்கிட்டே வருது. நீங்க பாட்டுக்குப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க. கழட்டுங்க, முருகன் பக்கத்துல இடம் ஒழிச்சு வெச்சிருக்கேன்."