பெனால்ட்டிக்கு முதுகைக் காட்டிய கோச்

எண்பதுகளில் கெலுகோரில் ஒரு காலேஜ் பெண்கள் காற்பந்து டீமுக்கு நான் கோச். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவனுக்குக் காலேஜில் வேலை!

அன்று தோற்றால் டீமையே கலைத்துவிடுவார்கள். எதிரணியின் கடைசி பெனால்ட்டியை எங்கள் கோல்கீப்பர் மலர் தடுத்தால் பிழைத்தோம். வழக்கம்போல் நான் பயத்தில் மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டேன்.

"கோச்சண்ணே, இங்க பாருங்க லா! புடிக்கப் போறது நானு, உங்களுக்கு ஏன் கால் ஆடுது?" என்று கத்தினாள் மலர்.

திரும்பினேன். சரியான பக்கம்தான் பாய்ந்தாள். பந்து அவள் விரலை உரசிக்கொண்டு உள்ளே போய்விட்டது.

சேற்றோடு எழுந்தவள், "பாத்தீங்களாண்ணே? தொட்டுட்டேன்!" என்றாள்.

"பாத்தேம்மா" என்றேன்.

டீம் கலைந்தது. என் வேலையும் போனது. அதற்கு முன் ஜெயித்த பெனால்ட்டி ஒன்றுகூட எனக்கு ஞாபகமில்லை; பார்த்திருந்தால்தானே! தோற்ற அந்த ஒன்று மட்டும் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.