மூன்று பாகத்தில் ஓர் இன்ஜின் நம்பர்

தூத்துக்குடியில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு எதிரே மடக்கு மேசை போட்டு மனு எழுதுவது என் தொழில். பத்தொன்பது வருடமாக ஆழ்வார்திருநகரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறேன். பெயர் அனந்தபத்மநாபன். அவ்வளவு நீளம் கூப்பிட இங்கே யாருக்கும் பொறுமை கிடையாது, ‘சாமி’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். என்னிடம் வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. படிவத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவர்கள் ஒரு வகை, போட்டுவிட்டு ‘இது என்னது சாமி?’ என்று கேட்கிறவர்கள் இன்னொரு வகை. மெக்கானிக் சிலுவை இரண்டிலும் சேரமாட்டார். எல்லா வேலையையும் செய்து முடித்து எட்டு மாதம் கழித்து, அதற்கு அனுமதி கேட்கப் படிவம் வாங்க வந்தார்.

சிலுவைக்கு அறுபது வயது. திரேஸ்புரத்தில் வள்ளங்களுக்கு இன்ஜின் பழுதுபார்க்கிறவர். அவர் கை பட்ட இன்ஜின் நடுக்கடலில் நின்றதாகக் கரையில் யாரும் சொன்னதில்லை. அந்தப் பெருமை அவரிடம் நிறைய உண்டு, அதை மறைத்துக்கொள்ளும் வழக்கமும் அவருக்கு இல்லை.

அவர் மனைவி செல்வராணிக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் பாளையங்கோட்டையில் டயாலிசிஸ். போகும்போது உட்கார்ந்து போய்விடுவார். திரும்பும்போது உட்கார்ந்தால் தலை சுற்றி வாந்தி வரும், படுத்தே ஆக வேண்டும். வாடகைக் கார்களின் பின்சீட் நடுவில் ஒரு மேடு இருக்கிறது. அந்த மேடு செல்வராணியின் இடுப்பில் இடித்தது. சிலுவை ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, விளாத்திகுளத்தில் ஒரு வியாபாரியின் கொட்டகையில் கிடந்த எழுபத்தெட்டாம் வருடத்து அம்பாசடரை வாங்கி வந்தார். அதன் பின்சீட் மேடு பள்ளம் இல்லாமல் ஒரே நீளம். செல்வராணி குள்ளம், காலைக் கொஞ்சம் மடக்கினால் சரியாக இருந்தது.

பெட்ரோல் இன்ஜின் இரண்டு மாதத்தில் செத்தது. வள்ளத்துக்கென்று ரசீதோடு வாங்கி வைத்திருந்த ஒரு வேன் டீசல் இன்ஜினை மூன்றே நாளில் சிலுவை அதில் ஏற்றினார். கியர் பெட்டியை இணைக்கத் தகடு அறுத்தது, சைலன்சரை வளைத்தது எல்லாம் அவர் கைதான். யாரிடமும் கேட்கவில்லை. சிலுவையின் சட்டப்படி, இன்ஜின் மாற்றினால் பாதிரியார் வந்து தீர்த்தம் தெளிக்க வேண்டும். பாதிரியார் வந்து பானெட்டைத் திறக்கச் சொல்லித் தெளித்துவிட்டுப் போனார். அதோடு சிலுவையைப் பொறுத்தவரை விஷயம் முடிந்தது.

எட்டு மாதம் கழித்து, பெட்ரோல் வண்டி ஏன் வள்ளம் மாதிரி சத்தம் போடுகிறது என்று ஒரு போலீஸ்காரர் நிறுத்திக் கேட்டார். பதினைந்து நாளில் ஆர்.சி. புத்தகத்தில் மாற்றம் ஏறாவிட்டால் வண்டியைப் பிடித்து வைத்துவிடுவார்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். அதுவரை ரோட்டில் ஏற்றவும் கூடாது. அந்த வெள்ளிக்கிழமை செல்வராணி வாடகைக் காரில் போய், வழி நெடுக வாந்தி எடுத்துக்கொண்டு வந்தார். சனிக்கிழமை காலையில் சிலுவை என் மேசைக்கு முன்னால் நின்றார்.

ஆய்வாளர் ஜெயபிரியாவிடம் அழைத்துப் போனேன். சட்டம் தெரிந்த பெண், அதனால் அவரிடம் எனக்கு மரியாதையும் உண்டு, பயமும் உண்டு. “பழைய இன்ஜின் நம்பருக்குப் பென்சில் பிரிண்ட் வேணும், போட்டோ வேணும். அந்த இன்ஜின் வேற எந்தத் திருட்டு வண்டியிலயும் ஓடலன்னு எனக்குத் தெரியணும்லா?” என்றார். நியாயம்தான். நம்பர்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்து விழும். குழந்தைகூடச் செய்யும்.

வெளியே வந்து, “பழைய இன்ஜின் எங்கே இருக்கு?” என்று கேட்டேன்.

“கடல்ல கிடக்கு சாமி.”

“கடல்ல எங்கே?”

“அடியில.”

உழைத்து ஓய்ந்த இன்ஜினை எடைக்குப் போட சிலுவைக்கு மனசு வராது. சங்கிலி கட்டி, வள்ளம் நிறுத்தும் இடத்தில் நங்கூரமாக இறக்கிவிடுவார். கடல் பக்கமே வராத இந்தக் கார் இன்ஜினுக்கும் அந்த மரியாதையைச் செய்திருந்தார். சங்கு குளிக்கிற ஆன்றோவின் வள்ளம் எட்டு மாதமாக அதில்தான் கட்டிக் கிடந்தது.

“நீரும் வள்ளத்துல வாரும். பிரிண்ட் எடுக்க எங்களுக்குக் கை வராது” என்றார் சிலுவை.

கடல் என்பது பெருமாள் பள்ளிகொண்டிருக்கும் இடம் என்ற அளவில் எனக்குத் தெரியும். நேரில் போய்ப் பார்க்கும் ஆசை எனக்கு வந்ததில்லை. ஆனால் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்த பிறகு மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

மறுநாள் ஞாயிறு பூசை முடிந்து ஆன்றோ வந்தார். கரையிலிருந்து கூப்பிடு தூரம்தான், மூன்று பாக ஆழம். இரு கையையும் விரித்தால் ஒரு பாகம் என்று சொல்லி ஆன்றோ கையை விரித்துக் காட்டினார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு குதித்தார். நான் எண்பது வரை எண்ணியபோது மேலே வந்து, “இழுங்கலே!” என்றார். நாலு பேர் இழுத்தார்கள். வந்தது ஒரு தண்ணீர் பம்பு.

“மாமா, அடியில மூணு கிடக்கு, சங்கிலியும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்கு. எல்லாத்துலயும் சிப்பி மூடிக் கிடக்கு. எது உம்மதுன்னு எப்படிக் கண்டுபிடிக்க?” என்றார் ஆன்றோ.

“நாலு ஓட்டை வரிசையா இருக்கும்லே. கைய வுட்டுப் பாரு.”

இரண்டாவது தடவை சரியாக வந்தது. சிலுவை கத்தியால் சிப்பியைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். ஒவ்வோர் எழுத்தாகத் தெரிந்தது. கடைசி எண் மூன்றா எட்டா என்று ஐந்து நிமிடம் எங்களுக்குள் சண்டை. புத்தகத்தில் எட்டு. இன்னும் தேய்த்ததில் எட்டே வந்தது. வள்ளம் ஆட ஆட, ஈரத் துணியால் துடைத்து, தாளை வைத்துப் பென்சில் பிரிண்ட் எடுத்தேன், போட்டோவும் எடுத்தேன். அதன் பிறகு காலையில் சாப்பிட்ட இட்லி முழுவதையும் மன்னார் வளைகுடாவில் விட்டேன்.

“முடிஞ்சுதா சாமி? அப்ப கீழ விடுங்க. என் வள்ளத்த எங்க கட்ட?” என்றார் ஆன்றோ. இன்ஜின் மறுபடி இறங்கியது.

செவ்வாய்க்கிழமை பரிசோதனை. அலுவலகம் வரை கொண்டுவர மட்டும் அனுமதி வாங்கியிருந்தேன். முடிந்ததும் நேராகப் பாளையங்கோட்டை போய்விடலாம் என்ற நம்பிக்கையில் சிலுவை மனைவியை, காத்துக்கிடக்க நேரும் என்று, பின்சீட்டில் படுக்க வைத்தே கொண்டுவந்தார். ஜெயபிரியா என் பிரிண்டைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு முன்சீட்டில் ஏறினார். மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். இறங்கும்போது அவர் சட்டைப்பையில் பேனா இல்லை, கண்ணாடி மூக்கு நுனியில் இருந்தது.

“அண்ணாச்சி, இன்ஜினுக்கு அடியில ரப்பர் வைக்கலையா?”

சிலுவைக்குக் கோபம் வந்தது. “ரப்பரா? வள்ளத்துல இன்ஜினை மரத்தோட வச்சு முறுக்குவோம்மா. மசிரிழை அசையக் கூடாது. அசைஞ்சா மாட்டினவனுக்குத் தொழில் தெரியலன்னு அர்த்தம். இந்த இன்ஜின் அசையுதா, பாருங்க!”

எல்லோரும் பார்த்தோம். இன்ஜின் அசையவில்லை. மற்றதெல்லாம் அசைந்தது. கதவு, விளக்கு, நம்பர் பலகை, பின்சீட்டில் படுத்திருந்த செல்வராணியின் கன்னம்.

ஜெயபிரியா பின்கதவு ஜன்னலில் குனிந்தார். “அம்மா, உங்களுக்கு இது பழகிட்டா?”

செல்வராணி கணவரைப் பார்த்தார். சொல்லலாமா என்று கொஞ்சம் யோசித்தார். “படுக்க முடியுது. கண்ணத்தான் மூட முடியல. பல்லக் கடிச்சுக்கிட்டே வருவேன்.”

“ஏளா, எட்டு மாசமாவா?” என்றார் சிலுவை.

“எனக்குன்னு ராத்திரி பகலா கெடந்து மாட்டுனியளே. எப்படிச் சொல்ல?”

சிலுவை இன்ஜினை அணைத்தார். தொழிலில் யாரும் தன்னைக் குறை சொன்னதில்லை என்று என்னிடம் பலமுறை சொன்ன மனிதர் பானெட்டைத் திறந்து இன்ஜினுக்கு அடியில் குனிந்து பார்த்தார். பார்க்கவே சங்கடமாக இருந்தது. ரப்பர் போட்டுக்கொண்டு வெள்ளிக்கிழமை வாருங்கள் என்றார் ஜெயபிரியா. செல்வராணி அன்றும் வாடகைக் காரில்தான் போனார்.

மூன்று நாள் சிலுவை ஷெட்டில் வேறு வேலை எடுக்கவில்லை. ஒரு கார் மெக்கானிக்கைத் தேடிப்போய், எந்த ரப்பர், எங்கே வைப்பது என்று கேட்டார். அவர் யாரிடமும் தொழில் கேட்டது அதுதான் முதல் தடவை என்று ஆன்றோ சொன்னார். இன்ஜினை இறக்கி, பிடிமானத்தை அறுத்து, ரப்பர் வைத்து மறுபடி ஏற்றினார். வெள்ளிக்கிழமை காலையில் ஜெயபிரியா ஒரு சுற்றுப் போய்விட்டு, பேனா பையிலேயே இருக்க, அதை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

வழியில் யாராவது நிறுத்தினால் காகிதத்தைக் காட்டிப் பேச நான் கூட வர வேண்டும் என்று சிலுவை பிடிவாதம் பிடித்தார். போனேன். யாரும் நிறுத்தவில்லை. என் மேசையும் பெட்டியும் தூத்துக்குடியில் கிடந்ததால் திரும்பும்போதும் அவர்களோடுதான் வந்தேன்.

பாளையங்கோட்டை தாண்டியதிலிருந்து சிலுவை திரும்பிப் பாராமலே கேட்டுக்கொண்டு வந்தார்: “ஏளா ராணி, குலுங்குதா?”

“இல்ல.”

“இப்ப?”

“இல்லங்க.”

வல்லநாடு வந்ததும் கேட்டார், பதில் வந்தது. வாகைகுளம் பக்கம் கேட்டார், வரவில்லை. இன்னொரு தடவை சத்தமாகக் கேட்டார். வரவில்லை. சிலுவை வண்டியை ஓரத்தில் நிறுத்தி, ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்து, மனைவியின் மூக்கருகே விரலை வைத்தார்.

செல்வராணி கண்ணைத் திறந்தார். “வீடு வந்துட்டா?”

“இல்லளா, வாகைகுளம்.”

“அப்ப ஏன் எழுப்புனிய?” என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

சிலுவை கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். வந்து உட்கார்ந்து, ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

“உறங்கிட்டா சாமி” என்றார்.

பிறகு வண்டியை எடுத்தார். முப்பதுக்கு மேல் போகவில்லை. இந்த வேகத்தில் போனால் என் ஊருக்குப் போகும் ஆறு மணி பஸ் போய்விடும் என்று தெரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.