கடைசிப் பாலில் உறைந்த தயிர்

கண்டிக்கு அருகே ஒரு கால்நடை ஆய்வுகூடத்தில் செத்த விலங்குகளின் திசுக்களைப் பரிசோதிப்பது என் வேலை. மடுல்கெல்ல தோட்டத்திலிருந்து ஒரு பெண், செத்துப்போன தன் பசுவின் ஈரலைக் கொண்டுவந்தார். வெறுங்கையோடு வர மனமில்லாமல் ஒரு சட்டி தயிரும் கொண்டுவந்திருந்தார்.

"வீட்டுல புள்ளைக்குக் குடுங்க சேர்."

என் மகள் அதில் இனிப்புப் பாணி ஊற்றிச் சாப்பிட்டாள்.

அடுத்த வாரம் நுணுக்குக்காட்டியில் அந்த ஈரலைப் பார்த்தேன். ஈரலின் உயிர்க்கலங்களெல்லாம் கொழுப்பு ஏறி ஊதியிருந்தன. பித்தக் குழாய்கள் தாறுமாறாகப் பெருகியிருந்தன. பூஞ்சண நஞ்சாகத்தான் இருக்க வேண்டும்.

முடிவு கேட்க வந்தவரிடம், "புண்ணாக்கு பூசணம் பிடிச்சிருந்துச்சா?" என்றேன்.

"ஆமாங்க. நல்லா கழுவி, வெயில்ல காயவச்சுத்தான் போட்டேன்."

"கழுவினாலும் அந்த நஞ்சு போகாதும்மா. பால்லயும் இறங்கும். நீங்க தந்த தயிர்?"

"அந்த மாட்டுப் பால்தாங்க. கடைசியாக் கறந்தது. எங்க புள்ளையும் அந்தப் பாலைத்தான் குடிச்சிச்சு. நல்லா காய்ச்சித்தான் குடுத்தேன்."

காய்ச்சினாலும் போகாது என்று சொன்னேன். என் மகள் சாப்பிட்டது ஒரு கோப்பைதானே என்று மனம் அவசரமாக ஆறுதல் தேடியது.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க புள்ளைக்கு ஒண்ணும் ஆகலையே சேர்?"

அவருடைய பிள்ளை எத்தனை மாதம் குடித்தது என்று நான் அதுவரை கேட்கவே இல்லை.